லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்ததும் பலர் முதலில் மூடியைத்தான் திறக்கப் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதில் குழந்தையின் படங்களோ கடைக் கணக்கோ இருந்தால் திறக்கவே கூடாது. உள்ளே டேட்டா பதியும் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும்போது, அதைப் படித்து எழுதும் ஹெட் என்ற சின்ன முனை அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். அப்படியென்றால் நம் அறைத் தூசி அந்த இடைவெளிக்கு எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

உள்ளே வெற்றிடம் என்று நினைப்பதும் தவறு. ஹெட் மிதப்பதே காற்றின் மேல்தான். டிஸ்க் சூடாகி ஆறும்போது உள்ளே வெளியே அழுத்தம் சமமாக வேண்டும் அல்லவா? அதற்காக மூடியிலோ உடம்பிலோ ஒரு சின்னத் துளை இருக்கும். பக்கத்திலேயே மூடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். கடைகளில் அதன் மேலேயே விலைச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். ஊசியால் குத்திப் பார்ப்பது இன்னும் மோசம். துளைக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி கிழிந்துவிடும்.

அளவில் ஏமாறுகிறவர்களும் நிறைய. இரண்டரை இஞ்ச் டிஸ்க்கை ஸ்கேலால் அளந்தால் அகலம் கிட்டத்தட்ட 70 மி.மீ., அதாவது இரண்டே முக்கால் இஞ்ச் வரும். அந்தப் பெயர் உள்ளே சுற்றும் தட்டின் அளவை ஒட்டி வந்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியது உயரம். 9.5 மி.மீ. இருந்த இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் லூசாக ஆடும், ஒரு சட்டம் வைத்தால் சரியாகிவிடும். 7 மி.மீ. இடத்தில் 9.5-ஐ அழுத்தித் திணித்தால் மெல்லிய மூடி உள்ளே வளையும். 15 மி.மீ. டிஸ்க் எந்தச் சாதாரண லேப்டாப்புக்கும் ஆகாது. மாட்டும்போது பழைய ஸ்க்ரூக்களையே போடுங்கள், நீளமானவை உள்ளே போய் எதையாவது இடித்துவிடும்.

அடிப்பக்கத்துப் பச்சை போர்டு, அதாவது டிஸ்க்கை இயக்கும் சர்க்யூட் பலகை, நட்சத்திர வடிவக் குட்டி ஸ்க்ரூக்களில் நிற்கிறது. பல டிஸ்க்குகளில் அதன் சிப்புகள் உள்பக்கம் பார்த்திருப்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. மெதுவாகக் கழற்றித் திருப்பினால், மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் போகும் தொடுபுள்ளிகள் கருத்திருப்பதைச் சில சமயம் பார்க்கலாம். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். சில டிஸ்க்குகள் அதிலேயே உயிர் பெற்றிருக்கின்றன. அதே மாடலின் வேறு போர்டை மாற்றிப் பார்ப்பது மட்டும் பெரும்பாலும் வீண். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய சொந்த அளவீடுகள் போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும், அது இல்லாமல் புது போர்டுக்குத் தன் தட்டுகளைத் தெரியாது. கையடக்க யுஎஸ்பி டிரைவை உடைத்து லேப்டாப்பில் போடலாம் என்று நினைப்பவர்களும் கவனியுங்கள்: சிலவற்றில் யுஎஸ்பி போர்ட் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், லேப்டாப்பில் மாட்டத் தேவையான சாட்டா கனெக்டர் இருக்காது.

சரி, செத்துப்போன, டேட்டா தேவைப்படாத டிஸ்க்கைக் கற்றுக்கொள்வதற்காகத் திறக்கிறீர்கள் என்றால் தாராளமாகத் திறங்கள். ஓர ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா? நெம்பாதீர்கள். லேபிளை விரலால் தடவினால் ஒரு இடம் பள்ளமாகத் தட்டுப்படும், அதன் கீழே இன்னொரு ஸ்க்ரூ உண்டு.

தட்டை அலுமினியம் என்று நினைத்து வளைக்க வேண்டாம். லேப்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுதான். நான் ஒருமுறை இரு கையாலும் பிடித்து வளைத்தேன். சத்தத்தோடு நொறுங்கி, ஊசி மாதிரித் துண்டுகள் மேசை முழுக்கச் சிதறின. அதற்கப்புறம் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடுவதில்லை. ஹெட்டை அசைக்கும் காந்தங்களிலும் விரலைக் காத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் தோலைக் கவ்விவிடும்.

தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் சரிவு தெரியும். கரண்ட் நின்றதும் ஹெட் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நிறுத்திய லேப்டாப்பைப் பையில் போட்டுப் பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனாலும் தட்டில் ஹெட் படாமல் இருப்பது இதனால்தான்.