கார்ட்டூன் பாத்திரத்துக்குக் குரல் அமைப்பது எப்படி: மெல் பிளாங்க்கின் வழிமுறை

கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தொண்டையிலிருந்தே பயிற்சியைத் தொடங்குகிறார்கள். குரலைக் கீச்சென்று உயர்த்துவது, கரகரப்பாக்குவது, மூக்கால் பேசுவது எனப் பல விதமாக முயன்றுவிட்டு, எது வேடிக்கையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்கிறார்கள். மெல் பிளாங்க் போன வழி வேறு. பக்ஸ் பன்னி, டாஃபி டக், போர்க்கி பிக், ட்வீட்டி, சில்வெஸ்டர் என வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களின் முக்கியப் பாத்திரங்கள் பலவற்றுக்கும் குரல் கொடுத்த அவர், 1908-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, போர்ட்லேண்டில் வளர்ந்து, வானொலியில் தொழில் பழகியவர்.

முதலில் பாத்திரத்தின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, அது எந்த ஊர்க்காரர் போலப் பேசும், எதற்குப் பயப்படும், அவசரக்காரனா, சோம்பேறியா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதற்கும் அசராத, வாய்த்துடுக்கான முயல் பக்ஸ் பன்னி. அந்தக் குணத்துக்குப் பொருந்தும் பேச்சைத் தேடி, நியூயார்க் நகரின் புரூக்ளின், பிராங்க்ஸ் ஆகிய இரு பகுதிகளின் பேச்சுவழக்கைக் கலந்ததாக பிளாங்க் சொல்லியிருக்கிறார். நீங்களும் கோவைப் பேச்சா, நெல்லைப் பேச்சா என்பதைப் பாத்திரத்தின் குணத்தை வைத்தே தீர்மானியுங்கள். உங்களுக்குச் சரளமாக வருகிறது என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது.

இப்படிக் குணத்திலிருந்து பிறந்த குரல் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு ஒரு சம்பவம். 1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கார் விபத்தில் படுகாயமடைந்த பிளாங்க், ஏறத்தாழ இரண்டு வாரம் நினைவின்றிக் கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தும் அவர் அசையாததால், மருத்துவர் ஒருவர் பக்ஸ் பன்னியை விளித்து நலம் விசாரித்தார். பதில் அந்த முயலின் குரலில் வந்தது. பின்னர் உடம்பு முழுக்க மாவுக்கட்டுடன் படுத்தபடியே, ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பார்னி ரபிளுக்காகப் பேசினார். மைக்கைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள்.

அடுத்தது நேரக்கணக்கு. திக்கிப் பேசும் பன்றியான போர்க்கி பிக்குக்கு முதலில் பேசிய ஜோ டாஹெர்டிக்கு உண்மையிலேயே திக்குவாய் இருந்ததால், வசனம் எங்கே முடியும் என்று கணிக்க முடியாமல் ஒலிப்பதிவு நீண்டுகொண்டே போனது. 1937-இல் அந்தப் பாத்திரத்தை ஏற்ற பிளாங்க், திக்கலைத் தாளக்கட்டுக்குள் கொண்டுவந்தார். சொல்ல வந்த சொல்லில் மாட்டிக்கொள்ளும் பன்றி, முட்டி மோதிப் பார்த்துவிட்டு, அதைக் கைவிட்டு வேறொரு சொல்லுக்குத் தாவிவிடும். சிரிப்பு அந்தத் தாவலில்தான் இருக்கிறது. திக்கலை மட்டும் நகலெடுத்தால், திக்கிப் பேசுகிறவர்களைக் கேலி செய்வதாகவே முடியும். பயிற்சிக்கு ஒரு வசனத்தை எடுத்து, எங்கே தடுக்க வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு பல முறை பதிவு செய்யுங்கள். எல்லாப் பதிவுகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வரும்வரை விடாதீர்கள்.

மாடுலேஷனை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, அள்ளிக் கொட்டுகிறவர்கள் அமெரிக்க நகைச்சுவையாளர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சியில் பிளாங்க் செய்த நகைச்சுவையைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோக்காரராக வரும் அவரிடம் பென்னி ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆமாம் என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘சீ’, பெயருக்கு ‘சை’, தங்கையின் பெயருக்கு ‘சூ’, அவள் செய்யும் தையல் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘சோ’ என்று ஓரெழுத்தில் பதில் வரும். பிளாங்க்கின் முகமும் குரலும் சிறிதும் மாறாது, பென்னிதான் பொறுமையிழப்பார். நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, ஒரே சுருதியில் ‘சரி’ என்று மட்டும் பதில் சொல்லிப் பழகுங்கள். சிரிக்காமல் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பதே கடினம்.

தொழில்நுட்பத்தில் ஒரு வேறுபாடு முக்கியமானது. தமிழ் டப்பிங்கில் முடிந்த படத்தின் வாயசைவுக்கு ஏற்பப் பேசுகிறோம். வார்னர் கார்ட்டூன்களில் பேச்சை முதலில் பதிவு செய்து, அதற்கேற்பவே படம் வரைந்தார்கள். ஆகவே, புதிய பாத்திரத்துக்குப் பழகும்போது திரையைப் பார்க்காமல் பேசுங்கள். டாஃபியின் குரலும் சில்வெஸ்டரின் குரலும் ஏறத்தாழ ஒன்றே. டாஃபிக்கு மட்டும் பதிவின் வேகத்தைக் கூட்டிச் சுருதியை உயர்த்தினார்கள். அதனால் கீச்சுக்குரலுக்காகத் தொண்டையை இறுக்க வேண்டியதில்லை. நிதானமாகப் பேசிப் பதிவு செய்து, வேகத்தைச் சற்று உயர்த்திக் கேளுங்கள். சொற்கள் குழைந்தால், குறை உச்சரிப்பில் இருக்கிறது.

ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். சம்பள உயர்வு கேட்டபோது மறுக்கப்பட்ட பிளாங்க், அதற்குப் பதிலாகத் திரையில் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். வாய்ப்புகள் பெருக அந்தப் பெயர்தான் உதவியது.

கத்தும் பாத்திரங்கள் ஆபத்தானவை. யோசமிட்டி சாம் என்ற முரட்டுப் பாத்திரத்தின் உறுமல் பிளாங்க்கின் தொண்டையை மிகவும் வருத்தியது. 1988-இல் வெளிவந்த ‘ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்’ படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு வேறொருவர் பேசினார். பல்லாண்டு புகைபிடித்ததன் விளைவாக நுரையீரல் நோயும் அவரைப் பிடித்திருந்தது. புகைப்பழக்கம் இருப்பவர்கள் அதை முதலில் விட வேண்டும். ஒரே நாளில் பல பாத்திரங்களுக்குப் பேச நேர்ந்தால், அமைதியான குரல்களை முதலில் முடித்துவிட்டு, அலறலையும் உறுமலையும் கடைசி டேக்குகளுக்கு ஒதுக்கச் சொல்லி ஒலிப்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.