18 முதல் 25 வரை: கைப்பந்து வீராங்கனைகள் வேலையைக் கோட்டைவிடும் இடங்கள்

ஆண்களுக்கு 2022-லிருந்து பிரைம் வாலிபால் லீக் இருக்கிறது. பெண்களுக்கு அப்படி ஆண்டுதோறும் நடந்து சம்பளம் தரும் லீக் நம் நாட்டில் நிலைபெறவில்லை. அதனால் இங்கே தொழில்முறை வீராங்கனை என்றால் ரயில்வே, காவல்துறை, மின்வாரியம் என்று ஏதோ ஒரு துறையில் வேலைக்குச் சேர்ந்து அதன் அணிக்கு ஆடுபவர். தேசியப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் ரயில்வேயும் கேரளாவும் பல்லாண்டுகளாக ஓங்கி நிற்பதற்கும் இந்த வேலைதான் பின்னணி. கேரளாவில் மின்வாரியமும் காவல்துறையும் பெண்கள் அணி வைத்திருக்கின்றன. நன்றாக ஆடத் தெரிந்தும் தேதியிலும் காகிதத்திலும் முட்டியிலும் கோட்டைவிடுகிறவர்களுக்காகத்தான் இது.

பழைய பதக்கத்தை நம்பி இருப்பது

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25. இதில் எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண்: சாதனைக்கு 50, களத் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. களத் தேர்வில் 40-க்கு 25 எடுத்தால்தான் அடுத்த கட்டம். அதற்குக் கீழே போனால் கையில் எந்தப் பதக்கம் இருந்தாலும் பயனில்லை.

பலர் கவனிக்காத வரி ஒன்று வேலை அறிவிப்பில் இருக்கும்: இந்தத் தேதிக்குப் பிறகு ஆடிய போட்டிகள் மட்டுமே கணக்கில் வரும் என்று. நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளும்தான் அதில் அடங்கும். பிளஸ் டூவில் வாங்கிய பதக்கத்தை 22 வயதில் நீட்டினால் செல்லாது. ஆகவே கல்லூரியின் மூன்று ஆண்டுகள்தான் விளைச்சல் காலம். இலவசப் படிப்பும் விடுதியும் சாப்பாடும் தருகிறார்களே என்று நட்சத்திரங்கள் நிறைந்த கல்லூரியில் சேர்ந்து, பெஞ்சிலேயே மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டால் பல்கலைக்கழக அணியில் இடம் வராது. இரண்டாம் நிலைக் கல்லூரியில் சேர்ந்து முதல் ஆறில் ஆடுவது பல நேரம் லாபம். சேருவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் இடத்தில் இப்போது ஆடுபவர் எந்த ஆண்டு படித்து முடிக்கிறார்?

சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடுவது

மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனிப் படிவங்கள் உண்டு. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. மேடையில் தரும் வண்ணச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. படிவத்தில் அணி பெற்ற இடத்தை எழுத ஒரு வரி உண்டு. அது காலியாக இருந்தால் வெறும் பங்கேற்பாகிவிடும். போட்டி முடிந்த அதே மாதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சங்க நிர்வாகி மாறிவிட்டால் பழைய கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நம் நாட்டுக் கைப்பந்துச் சங்கங்களில் கோஷ்டிப் பூசலுக்குக் குறைவில்லை. இரண்டு தரப்பும் ‘மாநிலப் போட்டி’ நடத்தும் ஊரில், அங்கீகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா செ’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’, போட்டிச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’ என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பு மேசையில் மூன்று பெண்கள் ஆகிவிடுவார்கள். பதிவுப் படிவத்தில் பெயரைப் பயிற்சியாளர் எழுதட்டும் என்று விடாமல், பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நீங்களே எழுதுங்கள். வயதைக் குறைத்து 17 வயதுக்குட்பட்டோர் அணியில் நுழைவது இன்னும் மோசம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் முதிர்ச்சி தெரிந்துவிடும். தடை வந்தால் உண்மையான வயதில் ஆடிச் சம்பாதித்ததும் சேர்ந்து போகும்.

பள்ளியின் உயரத்தை வைத்து இடத்தை முடிவு செய்வது

பள்ளியில் 168 செ.மீ. பெண்தான் உயரம், அதனால் அட்டாக்கர், அதாவது வலைக்கு மேலே எகிறிப் பந்தை அடிப்பவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர். இந்தப் பெண் கையை உயர்த்தி நின்றால் சுமார் 215 செ.மீ. எட்டும். 45 செ.மீ. எகிறினால் 260. எதிரே வலையின் நடுவில் நின்று அடியைத் தடுக்கும் 180 செ.மீ. உயர மிடில் பிளாக்கர் 35 செ.மீ. எகிறினாலே அவர் கை 265-ஐத் தாண்டிவிடும். மாநில அளவில் சமாளிக்கலாம், தேசிய அளவில் பந்து திரும்பி வரும். 15, 16 வயதிலேயே செட்டிங்கும் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது) ரிசீவும் (எதிரணியின் சர்வீஸை வாங்குவது) சேர்த்துப் பழகாதவர், 20-ல் பின்வரிசையில் தற்காப்பு மட்டும் ஆடும் லிபரோவாக மாற நினைக்கும்போது தாமதமாகியிருக்கும். சர்வீஸ் ரிசீவ் கண்ணும் காலும் சேர்ந்து பழக வேண்டிய வேலை, ஓராண்டில் வராது.

பந்துக்கு அடியில் போய்விடுவது

ஸ்பைக் (எகிறி ஓங்கி அடிப்பது) அடிக்க ஓடிவரும் ஓட்டத்தைச் சீக்கிரம் தொடங்கினால், எகிறும்போது பந்து முகத்துக்கு முன்னால் இருக்காது, தலைக்குப் பின்னால் போய்விடும். வலது கை அட்டாக்கர் அதை எட்ட உடலை இடப்பக்கம் சாய்ப்பார். அடித்து முடித்ததும் இடது கால் மட்டும் தரையைத் தொடும். முட்டி உள்பக்கம் மடங்கும், முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழியும். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் களத்துக்குத் திரும்ப 9 மாதமாவது வேண்டும். 25 வயதுக் கணக்கில் அது ஒரு அறிவிப்பை விழுங்கிவிடும்.

“ரெண்டு கால்ல இறங்கு” என்று பயிற்சியாளர் கத்தினால் மட்டும் இது சரியாகாது. ஓட்டத்தின் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். உயரமான செட்டுக்கு, பந்து செட்டரின் கையை விட்டு மேலேறி உச்சியை நெருங்கும்வரை முதல் அடியை நிதானமாக வையுங்கள், கடைசி இரண்டு அடி வேகமாக இருக்கட்டும். செல்போனைப் பக்கவாட்டில் வைத்து இருபது ஸ்பைக் எடுத்துப் பாருங்கள். எத்தனை முறை ஒரே காலில் இறங்குகிறீர்கள் என்று எண்ணினால் போதும்.

முட்டிச் சில்லுக்குக் கீழே விரல்நுனி அளவு இடத்தில் வரும் வலி வேறு கதை. வார்ம்-அப் செய்ததும் குறையும், மறுநாள் காலை படியிறங்கும்போது மீண்டும் பிடிக்கும். குதிப்பதால் தசைநாண் தேய்ந்து வரும் வலி இது. முழு ஓய்வெடுத்தால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். குதிப்பதைப் பாதியாகக் குறைத்து, ஜிம்மில் காலை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் முட்டியைப் பாதி மடக்கி, கனமான எடையில் அசையாமல் 45 விநாடி பிடியுங்கள். ஐந்து முறை, நடுவில் 2 நிமிட இடைவெளி. வலி தணிந்த பிறகு 25 டிகிரி சாய்பலகையில் ஒற்றைக் கால் ஸ்குவாட், 15 வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை, 12 வாரம். சிமெண்ட் தரையில் குதிப்புப் பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாதவிலக்கு நின்றதை வசதியாக நினைப்பது

மூன்று மாதம் வரவில்லை என்றால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கான முக்கிய அறிகுறி அது. எலும்பு வலுவிழக்கும், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர் அழுத்தத்தால் எலும்பில் விழும் கீறல்) வரும். மருத்துவரைப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8 கிராம் என்று எண்ணிப் பார்த்தால், விடுதியின் சாம்பார் சோறு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது புரியும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ஐந்தாவது செட்டில் கால் எழாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது

சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின் போட்டிக் காலத்தில் ஒரு வரம்புக்கு மேல் சிறுநீரில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். முட்டியிலோ தோளிலோ போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. மருந்து உடம்பை விட்டுப் போக நாட்கள் பிடிக்கும் என்பதால், போட்டித் தேதியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்தேன் என்பது விசாரணையில் தப்பிக்க வைக்காது.

மின்னொளிப் போட்டிக்கு ‘கெஸ்ட்’ போவது

கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிப் போட்டிகளில் வேறு அணிக்கு ‘கெஸ்ட்’ ஆக ஆடினால் ஓர் இரவுக்குக் கையில் ரொக்கம் கிடைக்கும். வேலைக்கு முன்பு என்றால், களத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து வேண்டாம். ஈரமான களிமண் தரையில் இரவு இரண்டு மணிக்கு ஆடிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டால் 40-க்கு 25 எங்கிருந்து வரும்? வேலையில் சேர்ந்த பிறகு என்றால், துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு அணியின் சட்டையை அணிவது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும். அங்கே அடிபட்டால் பணிக் காயம் என்று காட்டவும் முடியாது.

வேலை கிடைத்ததும் துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடுவது கடைசித் தவறு. ஆட்டம் 32, 33-ல் நின்றுவிடலாம், பணி 60 வரை. பிரசவத்துக்கு மத்திய அரசுப் பணியில் 180 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. திரும்பி வந்த முதல் வாரமே பிளாக் பயிற்சியில் குதிக்காதீர்கள். ஓட்டமே பிரசவமாகி மூன்று மாதத்துக்குப் பிறகுதான். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் பிசியோவிடம் சொல்லுங்கள். இடுப்புத் தளத் தசைகளுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.