தசைநாண் காயம் ஆறிவரும் குதிரைக்குக் காலைநேரக் கைச்சோதனை

தடை தாண்டும் குதிரையின் முன்னங்கால் தசைநாணில் காயம் ஏற்பட்டிருந்தால், தினமும் காலையில் நடைக்கு அழைத்துச் செல்லும் முன், முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் அந்த நாணை விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்து மேலிருந்து கீழாக வருடி, மறுகாலுடன் ஒப்பிட்டுச் சூட்டையும் தடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். நொண்டல் சில வாரங்களிலேயே மறைந்துவிடக்கூடும். ஆனால் நாணின் இழைகள் உறுதிப்பட 9 முதல் 12 மாதங்கள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும் என்பதால், நன்றாகத்தானே நடக்கிறது என்று நம்பிப் பயிற்சியைக் கூட்டினால் காயம் எளிதில் திரும்பிவிடும். வேலை மிகுந்துவிட்டதைப் பெரும்பாலும் நொண்டலுக்கு முன்பே காட்டுவது அந்த இளஞ்சூடுதான். அது தென்பட்ட அன்றே நடையை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மீண்டும் தாண்ட விடலாமா என்ற முடிவுக்கு இந்தச் சோதனை போதாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். இரு கால்களிலும் காயமிருந்தாலோ, காலில் சுற்றிய கட்டுத்துணியை அப்போதுதான் அவிழ்த்திருந்தாலோ ஒப்பீடு பொருந்தாது.