பெங்களூரு மைக்ரோபுரூவரி: முதல் தடவை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து யாராவது பெங்களூரு வந்தால் ஒரு சாயங்காலம் மைக்ரோபுரூவரிக்குக் கூட்டிப்போவது இங்கே வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. இந்திராநகரில் டாய்ட் என்ற மைக்ரோபுரூவரி 2010இல் திறந்தது. 2012இல் ஆர்பரும், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸும் வந்தன. இப்போது எந்தப் பகுதியில் இருந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்கவைத்து, டேங்கிலிருந்து குழாய் வழியாக நேரே கிளாஸுக்கு வரும் பீர். ஆனால் நான் கூட்டிப்போன பலர் பாட்டில் பீரைக் குடிக்கிற மாதிரியே அதையும் குடித்துவிட்டு, “பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்று எழுந்து வந்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வித்தியாசம் நிறைய உண்டு. அதைத் தெரியவிடாமல் செய்வது நம்முடைய சில பழக்கங்கள்தான்.

முதல் பழக்கம், “கூலிங் இருக்கா?” என்ற கேள்வி. வெயிலுக்கு பாட்டில் பீர் வாங்கும்போது அது சரி. இங்கே அதுதான் பெரிய தவறு. என் அத்தை மகன் மதுரையிலிருந்து வந்திருந்தபோது ஹெஃபவைஸன் என்ற ஜெர்மன் பாணி கோதுமை பீரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தவன், “இன்னும் கூலிங்கா கேளு மாப்ள” என்றான். கிளாஸை இரண்டு கையாலும் பொத்தி ஐந்து நிமிஷம் சும்மா வைத்திரு என்றேன். வெளியே பூத்திருந்த நீர் அவன் விரலிடுக்கில் வழிந்து மேசையில் வட்டமாகத் தேங்கியது. பிறகு மூக்கருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து பார்த்தான். “என்னடா, வாழைப்பழத்தப் போட்ருக்காய்ங்களா?”

யாரும் வாழைப்பழம் போடவில்லை. அந்த பீருக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட், புளிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. கனிந்த வாழைப்பழத்தின் மணத்துக்கும் அதுவே காரணம். கூடவே கிராம்பு வாசனை தருகிற இன்னொரு பொருளும் உண்டாகும். பீர் மிகவும் குளிர்ந்திருந்தால் இவை எதுவும் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர்) வகைகளை 4 முதல் 7 டிகிரி செல்சியஸில் குடிக்கலாம். ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு தூக்கலான பீர்), ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு பீர்) போன்றவை 8 முதல் 12 டிகிரியில்தான் வாய் திறக்கும். உறையவைத்த மக்கில் ஊற்றிக் கொடுத்தால் சாதாரண கிளாஸ் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

அடுத்தது நுரை. “நுரை இல்லாம ஊத்துங்க” என்று சொல்வது ஏதோ ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில். காபிக்கு நுரை தளும்ப ஆற்றிக் கேட்கிற நாம் பீருக்கு ஏன் வேண்டாம் என்கிறோம்? மணம் அந்த நுரையில்தான் ஏறி வருகிறது. இரண்டு விரல்கடை உயரத்துக்கு இருந்தால் நல்லது. நுரை நிற்காமல் சட்டென்று அடங்கி, குமிழிகள் கிளாஸின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், கிளாஸில் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

எடுத்தவுடனே பெரிய மக் சொல்லிவிடாதீர்கள். சாம்பிளர் கேட்டால் சின்னச் சின்ன கிளாஸில் ஐந்தாறு வகைகளைத் தட்டில் வைத்துத் தருவார்கள். அதிலும் வரிசை முக்கியம். கசப்பான ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வரும் பில்ஸ்னர் (லாகரில் ஒரு வகை) வெறும் தண்ணீராகத் தெரியும். லேசானதிலிருந்து தொடங்குங்கள்: பில்ஸ்னர் அல்லது அரிசி சேர்த்த பீர் (டாய்ட்டின் பாஸ்மதி பிளாண்ட் அப்படி ஒன்று), பிறகு கோதுமை பீர், பிறகு பேல் ஏல் (ஐபிஏவைவிடக் கசப்பு குறைந்தது), ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட். நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர்.

சின்ன கிளாஸ்தானே என்று கணக்கை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஒரு கிளாஸ் 90 மில்லி என்றால் ஆறு கிளாஸ் 540 மில்லி. 5 சதவீத பீர் என்றாலே அதில் 27 மில்லி ஆல்கஹால். 60 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 26 மில்லி. ஆக, ருசி பார்த்த அளவிலேயே ஒரு லார்ஜ் உள்ளே போயிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை இந்தக் கணக்கிலிருந்து முடிவு செய்யுங்கள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இந்திராநகர், எம்ஜி ரோடு, ஒயிட்ஃபீல்டு மூன்றுமே மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இருக்கின்றன. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் சட்டத்தின் எல்லை. அதைத் தாண்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும். 21 வயது ஆகாதவர்களைக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து ஸ்ட்ராங் என்று முடிவு செய்வதும் தவறு. கறுப்பு என்பது வறுவலின் நிறம், காபிக்கொட்டையைப் போல. கறுகறுவென்று இருக்கும் கின்னஸ் டிராஃப்ட் என்ற ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் கடைகளில் கிடைக்கும் வெளிர் மஞ்சள் ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை இருக்கலாம். அதேபோல் பீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று பதறாதீர்கள். இங்கே பெரும்பாலும் பாட்டில் பீரைப் போல வடிகட்டிச் சூடுபடுத்துவதில்லை. கோதுமையின் புரதமும் ஈஸ்ட்டும் தங்கியிருப்பதால் வருகிற கலங்கல் அது.

சைட் டிஷ் விஷயத்தில் நம் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள். சிக்கன் 65, மிளகாய் பஜ்ஜி, ஊறுகாய். ஐபிஏவின் கசப்போடு காரம் சேர்ந்தால் இரண்டுமே கூடும். நாக்கு எரிகிறதே தவிர ருசி தெரியாது. ருசி பார்த்து முடிக்கும்வரை உப்புக் குறைந்த வேர்க்கடலையோ வெறும் பிரெட்டோ போதும். காரம் கட்டாயம் வேண்டுமென்றால் கோதுமை பீரோடு சாப்பிடுங்கள், கொஞ்சம் பொருந்தும்.

பீரில் குறை இருந்தால் பேசாமல் குடித்துவிடுவது நான் செய்த தவறு. ஓர் இடத்தில் பேல் ஏல் வாங்கினேன். மூக்கருகே கொண்டுபோனதும் தியேட்டர் பாப்கார்ன் வாசனை, வாயில் வெண்ணெய் படிந்த மாதிரி ஒரு வழவழப்பு. அதுவும் ஒரு ஸ்டைல் போலிருக்கிறது என்று முழுவதையும் குடித்துக் காசும் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது டைஅசிட்டைல். ஈஸ்ட் தானே உண்டாக்கி, நேரம் கொடுத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும் பொருள். அவசரப்பட்டு டேங்கை இறக்கினால் பீரில் தங்கிவிடும். குழாய் சுத்தமில்லை என்றாலும் வரும். வெண்ணெய், வினிகர், வேகவைத்த மக்காச்சோளம் என்று பொருந்தாத வாசனை வந்தால், “கொஞ்சம் பார்க்கிறீர்களா?” என்று கேளுங்கள். சில ஸ்டைல்களில் லேசான புளிப்பு வேண்டுமென்றே இருக்கும். கேட்டால் அதையும் சொல்வார்கள். அக்கறையுள்ள இடத்தில் மாற்றித் தருவார்கள்.

கடைசியாக, சனிக்கிழமை ராத்திரி போகாதீர்கள். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. பீர் காய்ச்சும் புரூவரும் இருக்க மாட்டார். வாரநாள் மத்தியானம் போங்கள், முடிந்தால் முன்கூட்டியே போன் செய்து காய்ச்சும் நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படிப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, கதவைத் திறந்ததுமே ஹார்லிக்ஸ் வாசனை. உள்ளே பெரிய பாத்திரத்தில் நொய்யாக உடைத்த மால்ட் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. புரூவர் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டி, “மென்னு பாருங்கண்ணா” என்றார். முளைகட்டிக் காயவைத்து வறுத்த பார்லி. பல்லில் பட்டதும் பொரியாக நொறுங்கி, கடைசியில் இனித்தது.