கடைசி டெஸ்டுக்கு முந்தின நாள், பேக்கரியில இந்தியா டீம் போடறது எப்படிங்க?

சோமனூர்ல தறிய நிறுத்திட்டு வந்து டீ சொன்னதும் ஆள் பேரை எடுக்காதீங்க. மொதல்ல பிட்ச். புல் இருக்கா, அஞ்சாம் நாள் பந்து திரும்புமா? அதுக்கப்புறந்தான் பேரு.

"இவனைச் சேர்க்கோணும்"னா, யாரை வெளிய உக்கார வெக்கறதுன்னும் சேர்த்தே சொல்லோணும். எங்க பங்காளி ஒருத்தரு எப்பவும் பதிமூணு பேர் டீம்தான் போடுவாரு. அவரு கையில துண்டுச் சீட்டும் பேனாவும் குடுத்து எழுதச் சொல்லிருங்க.

அடுத்தது, ஜெயிக்கறதுக்கு வேண்டிய இருபது விக்கெட்டை யாரு எடுப்பாங்கன்னு கேளுங்க. ஆறாவது பேட்ஸ்மேனா, அஞ்சாவது பவுலரான்னு சண்டை இங்கதான் சூடாகும். அப்ப, அஞ்சாவது பவுலருக்கு சாட்சியா 2021 ஆஸ்திரேலியா தொடரோட கடைசி டெஸ்ட், பிரிஸ்பேனை எறக்குங்க. தொடர் 1-1, அஸ்வின், ஜடேஜா, பும்ரா மூணு பேருமே காயம். நெட் பவுலராப் போன நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் மொதல் டெஸ்ட். மொதல் இன்னிங்ஸ்ல ஆளுக்கு 3 விக்கெட். பொறவு பேட்டிங்ல சுந்தர் 62, இன்னொரு பவுலர் தாக்கூர் 67, ரெண்டு பேருஞ் சேர்ந்து 123. (அன்னைக்கு சுந்தர் வேண்டாம், ஸ்பின்னர் குல்தீப்புதான் வேணும்னு கத்துனவன் நானு. பங்காளி இன்னும் சொல்லிக் காட்டறாருங்க.)

ஐபிஎல் ரன்னை யாராச்சும் இழுத்தா, "அது இருபது ஓவருங்"னு அமுத்திருங்க.

டாஸ் போட்டு டீமைச் சொன்னதும் சீட்டைப் பாருங்க. யாரு பட்டியல் ரொம்பத் தப்போ, டீக்காசு அவங்க தலையில.