கர்ப்பிணிக்கு மீன்: எது, எவ்வளவு?

நாகப்பட்டினத்திலிருந்து டெல்டா ஊர்களுக்கு வரும் மத்தி, நெத்திலி, இறால் மூன்றிலும் பாதரசம் குறைவு. சுத்தம் செய்த எடையில் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகச் சாப்பிடலாம். சுறா வேண்டாம். சின்ன மீன்களைத் தின்றே வளர்வதால் அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும்; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. பெரிய வஞ்சிரத்தையும் தவிர்ப்பது நல்லது. பால் சுரக்கும் என்று மாமியார் ஆசையாகச் செய்யும் சுறாப்புட்டும், பாலூட்டி முடிக்கும்வரை தள்ளியே இருக்கட்டும்.

ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மத்தி, கானாங்கெளுத்தியில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் நச்சுப்பொருள் உருவாகும். மொறுமொறுவென்று வறுத்தாலும் அழியாது. அந்தக் கூடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வெந்துவிட்டதா என்று நடுமுள்ளருகே கிள்ளிப் பாருங்கள். சதை கண்ணாடி போலிருந்தால் இன்னும் வேக வேண்டும். வெள்ளையாகி உதிர்ந்தால் சரி. மறுநாள் மீன்குழம்புதான் ருசி, மறுக்கவில்லை. ஆனால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஊற்றிக்கொள்ளுங்கள்.