கறுப்புத் திரையிலிருந்து மெசேஜ் அனுப்புவது எப்படி?

உலகின் முதல் குறுஞ்செய்தி ஒரு கைபேசியிலிருந்து போகவில்லை. 1992 டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியில் தட்டி, ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவரின் கைபேசிக்கு 'மெரி கிறிஸ்மஸ்' என்று அனுப்பினார். ஜார்விஸ் வாசித்தார், பதில் எழுத அந்தக் கைபேசியில் வழி இருக்கவில்லை. ஆக, கணினியிலிருந்து மெசேஜ் அனுப்புவது ஏதோ புதுக் கெட்டித்தனம் இல்லை. எஸ்எம்எஸ் பிறந்ததே அப்படித்தான்.

எனக்கு இது தேவைப்பட்டது மாமாவால். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் அவருக்கு ஒரு கரைவலை இருக்கிறது. வலை இழுக்க இருபத்தைந்து பேராவது வர வேண்டும். கடல் சரியில்லை என்றால் முதல்நாள் இரவே அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்று போடுங்கள் என்று நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். "பாதிப் பேரிட்ட பட்டன் போன்தான் தம்பி இருக்கு. உன்ர வாட்ஸ்அப்பை ஆர் பாக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேசை லாச்சியில் கிடந்த பழைய டொங்கிளின், அதாவது சிம் போட்டுக் கணினியில் செருகும் சின்னக் கருவியின், நினைவு அப்போதுதான் வந்தது.

தொடங்குமுன் ஒரு விஷயம். எனக்கு இதைச் சொல்லித்தந்த நண்பன் போனில் எழுத்தெழுத்தாகத்தான் சொன்னான். நானும் அதே மாதிரி, கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். நம்மூரில் ரீவி, ரீச்சர் என்று எழுதுகிற வழக்கப்படி போனால் இந்தக் கட்டளைகள் எல்லாம் 'ஏரி' என்று தொடங்கும். குளத்துக் கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் 'ஏடி' என்றே எழுதுகிறேன். அதில் இருப்பது டெலிபோனின் டி.

முதலில் சாமான்கள்

லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினி, யுஎஸ்பி டொங்கிள், காசு போட்ட சிம். இவ்வளவு போதும். டொங்கிள் பழசாக இருந்தால் நல்லது. புதியவற்றில் பல, செருகியதும் தங்களை ஒரு நெட்வேர்க் கார்டாகக் காட்டிக்கொண்டு, உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்துவிடும். அவற்றோடு நேரடியாகக் கதைக்க முடியாது. கடையில் வாங்கும்போது 'மோடமாக வேலை செய்யுமா, சீரியல் போர்ட் காட்டுமா' என்று கேளுங்கள். இன்னொன்று: நான் முதலில் வாங்கிய டொங்கிள் ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

சிம்மில் 'பின்' என்ற இரகசிய எண் பூட்டு இருந்தால், ஒரு கைபேசியில் போட்டு அதை எடுத்துவிடுங்கள். பிறகு டொங்கிளில் போட்டுக் கணினியில் செருகுங்கள்.

டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

எல்எஸ் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி*

'டெவ்'வில் வருவது டாக்டரின் டி. அடுத்து வரும் இரண்டும் டெலிபோனின் டி. 'யுஎஸ்பி' மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து. 0, 1, 2 என்று முடியும் இரண்டு மூன்று பெயர்கள் வந்தால் டொங்கிள் தெரிகிறது என்று அர்த்தம். ஒன்றும் வரவில்லையா? சில டொங்கிள்கள் முதலில் தங்களை ஒரு சிடியாகக் காட்டும், விண்டோஸுக்கான மென்பொருளை நிறுவுவதற்காக. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருளை நிறுவி, கழற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மோடமோடு கதைப்பது

பலர் இந்த இடத்தைத் தாண்டி, நேரே ஒரு மென்பொருளை நிறுவிவிடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒருமுறையாவது கையால் அனுப்பிப் பாருங்கள். அப்படிச் செய்தால்தான் பிறகு ஏதாவது பிழைக்கும்போது எந்த இடத்தில் பிழைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

டொங்கிள் ஒரு மோடம், கணினியைத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் கருவி. 1980களின் தொடக்கத்தில் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்தோடு வந்த கட்டளை மொழியைத்தான் இன்றைக்கும் அது பேசுகிறது. ஒவ்வொரு வரியும் 'ஏடி' என்று தொடங்கும். 'அட்டென்ஷன்', அதாவது 'இங்கே கவனி' என்று கூப்பிடுவது. நீங்கள் ஒரு வரி சொன்னால் அது ஒரு பதில் சொல்லும்.

அதோடு கதைக்க மினிகாம் என்ற சிறிய மென்பொருள் போதும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மினிகாம்
சூடோ மினிகாம் -டி /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0

'-டி' என்பது பெரிய எழுத்தில், டாக்டரின் டி. திரை வெறுமையாக நிற்கும். இப்போது இதைத் தட்டி என்டர் அழுத்துங்கள்:

ஏடி

'ஓகே' என்று வந்தால் டொங்கிள் விழித்திருக்கிறது. வராவிட்டால் 0க்குப் பதிலாக 1, பிறகு 2 என்று மாற்றிப் பாருங்கள். எல்லா வாசலிலும் ஆள் இருப்பதில்லை. நீங்கள் தட்டுவது திரையில் தெரியாமல் 'ஓகே' மட்டும் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஏடிஇ1 என்று தட்டுங்கள். எழுத்துகள் தெரியத் தொடங்கும். பதில் வந்தும் இடையிடையே குழம்பினால், மோடம்மேனேஜர் என்ற இன்னொரு நிரல் பின்னால் இருந்து அதே மோடத்தோடு கதைத்துக்கொண்டிருக்கலாம். வேலை முடியும்வரை அதை நிறுத்திவைப்பது நல்லது.

அடுத்து சிம்மைப் பற்றிக் கேளுங்கள்:

ஏடி+சிபிஐஎன்?

'ரெடி' என்று வர வேண்டும். 'சிம் பின்' என்று வந்தால் நான் மேலே சொன்ன பூட்டு இன்னும் இருக்கிறது.

சிக்னல் எப்படி?

ஏடி+சிஎஸ்க்யூ

இரண்டு எண்கள் வரும். முதல் எண்ணை மட்டும் பாருங்கள். அது 0 முதல் 31 வரை இருக்கும், கூடக்கூட நல்லது. 99 வந்தால் சிக்னல் தெரியவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டு உள்ளறையில் 7 காட்டியது, கடற்பக்க ஜன்னலில் 17. அன்றிலிருந்து டொங்கிள் ஜன்னலில்தான். நீளமான யுஎஸ்பி வயர் ஒன்று வாங்கியது அதற்காகவே.

முதல் மெசேஜ்

இப்போது மோடத்தை எழுத்து முறைக்கு மாற்ற வேண்டும்:

ஏடி+சிஎம்ஜிஎஃப்=1

'ஓகே' வந்ததும்:

ஏடி+சிஎம்ஜிஎஸ்="+94........."

இரட்டை மேற்கோளுக்குள் நீங்கள் அனுப்ப வேண்டிய எண். முன்னால் இருக்கும் 0ஐ எடுத்துவிட்டு +94 போடுங்கள். 077 என்று தொடங்கும் எண் +9477 என்று ஆகும். முதல் தடவை உங்கள் சொந்தக் கைபேசிக்கே அனுப்புங்கள். 026 என்று தொடங்கும் திருகோணமலை லேண்ட்லைனுக்கு அனுப்பிவிட்டு மெசேஜ் வரவில்லை என்று என்னிடம் கேட்ட ஆளும் உண்டு.

என்டர் அழுத்தியதும் '>' என்ற குறி வந்து காத்திருக்கும். இப்போதைக்கு ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தட்டுங்கள். பிறகு என்டர் அழுத்தாமல், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இசட் அழுத்துங்கள். மனம் மாறினால் எஸ்கேப். சில விநாடிகளில் '+சிஎம்ஜிஎஸ்:' என்றும் ஒரு எண்ணும், அடியில் 'ஓகே'யும் வரும். பக்கத்தில் உங்கள் கைபேசி அதிரும். இதை எத்தனை தடவை செய்தாலும் அந்த அதிர்வு எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்தான்.

'எரர்' வந்தால் முதலில் சிம்மில் காசு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மெசேஜ் மையத்தின் எண் சிம்மில் பதிந்திருக்கிறதா என்று ஏடி+சிஎஸ்சிஏ? கேட்டுப் பாருங்கள். மேற்கோளுக்குள் வெறுமையாக வந்தால் உங்கள் நிறுவனத்திடம் அந்த எண்ணைக் கேட்டுப் போட வேண்டும்.

மினிகாமை விட்டு வெளியேற கன்ட்ரோலும் ஏயும், பிறகு எக்ஸ்.

தமிழில் அனுப்பும்போது

இங்கேதான் என் மானம் போனது. ஒரு குறுஞ்செய்திக்குள் 140 பைட் இடம் இருக்கிறது, ஒரு பைட் என்றால் 8 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். அந்த 7 பிட் அட்டவணையில் தமிழ் இல்லை. தமிழ், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடாகத்தான் போக வேண்டும், அதில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட். ஆகவே 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று பிரிந்து பத்து. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டாகவே எண்ணப்படும்.

மாமா வழக்கமாக அனுப்பும் வரி இது:

நாளை காலை 5 மணிக்கு வலை. வாருங்கள்.

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 35 குறிகள். சரியாகப் பாதி இடம். 70ஐத் தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் போகும். துண்டுகளை ஒட்டும் தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் அப்போது ஒரு துண்டில் 67 குறிகள்தான் அடங்கும். காசும் துண்டுக் கணக்கில் போகும். இருபத்தைந்து பேருக்கு அனுப்பும்போது 'அன்பான உறவுகளே' என்று தொடங்கினால் ரீலோட் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மினிகாமிலும் தமிழ் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு குறியையும் நான்கு இலக்க யூனிகோடு எண்ணாக மாற்றித் தட்ட வேண்டும். க என்றால் 0பி95. இருபது சொல்லை அப்படித் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதற்குத்தான் கம்மு என்ற மென்பொருள். பெயர்தான் கம்மு, வேலையை ஒழுங்காகச் செய்யும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கம்மு
கம்மு-கான்ஃபிக்

இரண்டாவது கட்டளை ஒரு சின்னப் படிவத்தைத் திறக்கும். போர்ட் என்ற இடத்தில் மினிகாமில் பதில் சொன்ன அதே பாதை, இணைப்பு என்ற இடத்தில் 'ஏடி'. மினிகாம் மூடியிருக்க வேண்டும். 'அனுமதி இல்லை' என்று திட்டினால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அதன்பிறகு:

கம்மு சென்ட்எஸ்எம்எஸ் டெக்ஸ்ட் +94......... -யூனிகோட் -டெக்ஸ்ட் "நாளை காலை 5 மணிக்கு வலை. வாருங்கள்."

முதல் 'டெக்ஸ்ட்' பெரிய எழுத்தில், இரண்டாவது சிறிய எழுத்தில். '-யூனிகோட்' என்பதை மறக்கவே கூடாது. நான் மறந்தேன். அன்றிரவு இருபத்தைந்து பேருக்கும் போனது வரிசையாகக் கேள்விக்குறி. அடுத்த அரை மணித்தியாலம் மாமாவின் போன் ஓயவில்லை. "நாளைக்கு வலை இருக்கா இல்லையா எண்டு நாங்கள்தான் கேக்கோணும், நீங்கள் என்ன கேள்வி கேக்கிறியள்?" என்றாராம் ஒருவர்.

எல்லோருக்கும் ஒரேயடியாக

'பட்டியல்' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, வரிக்கு ஒரு எண்ணாக எழுதுங்கள். கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், லினக்ஸ் கோபிக்காது. பிறகு ஒரே வரியில்:

ஃபார் ஏ இன் $(கேட் பட்டியல்); டு கம்மு சென்ட்எஸ்எம்எஸ் டெக்ஸ்ட் $ஏ -யூனிகோட் -டெக்ஸ்ட் "நாளை வலை இல்லை."; ஸ்லீப் 5; டன்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அனுப்பிவிட்டு 5 விநாடி மூச்சு வாங்கும். அந்த இடைவெளியை எடுத்துவிடாதீர்கள், மோடத்துக்கு மூச்சு முட்டும். முதலில் உங்கள் எண் மட்டும் உள்ள பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். எண் தந்து 'அனுப்பு' என்று சொன்னவர்களைத் தவிர வேறு யாரையும் அதில் சேர்க்க வேண்டாம்.

பதில்கள் டொங்கிளின் சிம்முக்கே வரும். மினிகாமைத் திறந்து, எழுத்து முறைக்கு மாற்றிய பிறகு ஏடி+சிஎம்ஜிஎல்="ஆல்" என்று கேட்டால் வரிசையாகக் காட்டும். தமிழில் வந்த பதில்கள் அங்கே எண்களாகத்தான் தெரியும். முதல் வாரம் ஒரு பெரியவரிடமிருந்து 0பி930பிஏஇ0பிசிடி என்று ஒரு பதில் வந்திருந்தது. நான்கு நான்காகப் பிரித்து அட்டவணையில் தேடினேன். ஓ, ம, புள்ளி. "ஓம்" என்று சொல்லியிருக்கிறார்.